வீரனும் குட்டித் துணையும்: தேயிலை மலையில் மாயக்கதைக் குறும்படம் எடுக்கும் முறை

ஆறடி வீரன் ஒருவன், அவன் இடுப்புக்கு மேல் வளராத துணை ஒருவன். மாயக்கதைப் படங்களில் இந்த இணை திரும்பத் திரும்ப வருகிறது. குறும்படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இதில் வாள் சண்டைக்குத்தான் நேரத்தையும் காசையும் கொட்டுகிறார்கள். ஆனால் சண்டை தொடங்கும் முன்பே பெரியவனின் உடம்பு சின்னவனுக்காக எதையாவது விட்டுக்கொடுத்ததைப் பார்ப்பவர் கண்டிருக்க வேண்டும். நடையின் வேகத்தையோ, பாதையின் நல்ல பக்கத்தையோ, உட்காரும் இடத்தையோ அவன் விட்டுக்கொடுக்கலாம். அது இல்லாவிட்டால், சின்னவனுக்காக அவன் அம்பு வாங்கிச் செத்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஒரு போனையும் ஆறேழு பேரையும் வைத்துக்கொண்டு பத்து நிமிடப் படம் எடுக்க நினைப்பவர்களுக்காக இது. உயர வித்தியாசத்தைக் காட்ட கணினி வேலை தேவையில்லை. சரிவும் மழைநீர் வடியும் கானும் தேயிலைச் செடியும் அந்த வேலையைச் செய்துவிடும்.

எழுதும்போது

சின்னவனுக்கு ஒரு திறமை கொடுங்கள். பெரியவனிடம் இல்லாத திறமையாக அது இருக்க வேண்டும். மூடுபனியில் வழி தெரியும், தூரத்துச் சத்தம் கேட்கும், பாறை இடுக்கில் நுழைவான், பழைய எழுத்தை வாசிப்பான், இவற்றில் எது என்றாலும் சரி. அது இல்லாத சின்னவன் வீரன் தூக்கிச் சுமக்கும் மூட்டையாகிவிடுவான். அந்தத் திறமை படத்தில் இரண்டு தடவை பயன்பட வேண்டும். முதல் தடவை சின்ன விஷயத்துக்கு, இரண்டாவது தடவை உயிருக்கு.

அடுத்து, வாள் உருவப்படும் முன் மூன்று சின்ன உபகாரங்கள். ஒவ்வொன்றும் 15 முதல் 20 விநாடி போதும். 2001இல் வந்த 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் படத்தில் போரோமிர் என்ற வீரன் ஹாபிட் என்ற குள்ள இனத்தவர் இருவருக்குப் பாறை வெளியில் வாள் வீசக் கற்றுக்கொடுப்பதும், அவர்கள் சிரித்தபடி அவனைக் கீழே தள்ளி மேலே ஏறிக்கொள்வதும் நினைவிருக்கலாம். பிறகு அவர்களைக் காக்கத்தான் அவன் அம்புகளை வாங்கிச் சாகிறான். அந்தக் காட்டுச் சாவுக்கு அடித்தளம் அந்த அரை நிமிட விளையாட்டு. நம் பக்கத்துப் பொன்னர் சங்கர் கூத்திலும் கணக்கு இதுதான். பொன்னரும் சங்கரும் மடியும் படுகளம் நெஞ்சைப் பிடிப்பதற்குக் காரணம், அதற்கு முன்னால் மணிக்கணக்காக அந்த அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்திருந்ததுதான். பத்து நிமிடப் படத்தில் அவ்வளவு நேரம் கிடைக்காது. அதனால்தான் மூன்று உபகாரங்கள்.

ரொட்டியைப் பிய்த்துப் பெரிய துண்டைச் சின்னவனிடம் கொடுக்கும் காட்சியை எல்லோரும் எடுத்துவிட்டார்கள், விட்டுவிடுங்கள். சின்னவனுக்குக் கால் வலிக்கிறது. பெரியவன் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, அவிழாத தன் செருப்பு வாரை அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிறான். அல்லது மலைப்பாதையில் பள்ளப் பக்கத்துக்கு மாறி நடக்கிறான். உபகாரம் செய்பவன் அதைச் சொல்லிக் காட்டாமல் செய்தால்தான் எடுபடும். 'நான் இருக்கும் வரைக்கும் உனக்கு ஒன்றும் ஆகாது' என்ற வசனம் கைப்பிரதியில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

உயரக் கணக்கு

பெரியவனாக நடிப்பவர் 175 செ.மீ., சின்னவனாக நடிப்பவர் 165 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சின்னவன் திரையில் 110 செ.மீ. ஆகத் தெரிய வேண்டும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. கமராவிலிருந்து பெரியவன் 2 மீற்றரில் நிற்கட்டும், சின்னவன் 3 மீற்றரில். தூரம் ஒன்றரை மடங்கானால் உருவம் மூன்றில் இரண்டாகச் சுருங்கும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாக லென்ஸ் நம்பிவிடும். உங்கள் கண் நம்பாது. எனவே நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டாம், திரையை மட்டும் பாருங்கள்.

பாதம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். சமதரையில் பின்னால் நிற்பவனின் பாதம் படத்தில் மேலே ஏறித் தெரியும், குட்டையாக இருப்பதற்குப் பதிலாகத் தூரத்தில் நிற்பது போலாகும். அவன் நிற்கும் தரை தாழ வேண்டும். எவ்வளவு? இந்த ஒன்றரை மடங்குக் கணக்கில், பெரியவனின் தரையிலிருந்து லென்ஸ் இருக்கும் உயரத்தில் சரிபாதி. லென்ஸ் 90 செ.மீ. என்றால் சின்னவன் 45 செ.மீ. கீழே. லென்ஸ் 40 செ.மீ. என்றால் 20 செ.மீ. போதும்.

மலைக்காரர்களுக்கு இங்கேதான் வசதி. கமராவை மேட்டுப் பக்கம் வைத்துப் பள்ளத்தை நோக்கி எடுத்தால் சரிவே அந்த இறக்கத்தைத் தரும். குறுக்குக் கான் இருந்தால் இன்னும் நல்லது. முழங்கால் ஆழக் கானில் சின்னவனை இறக்கிவிட்டால் பாதமே தெரியாது, கணக்கு ஒன்றிரண்டு அங்குலம் பிசகினாலும் தப்பிக்கலாம். இறங்கும் முன் கானின் ஆழத்தை நாடாவால் அளந்து, அதை இரட்டிப்பாக்கி லென்ஸின் உயரத்தை வையுங்கள். வழக்கமாகச் செய்வதைத் தலைகீழாகச் செய்வதுதான் இங்கே சுலபம்.

பாதத்தைத் தேயிலைச் செடியால் மறைக்கலாம். செடி இருவருக்கும் முன்னால், கமராவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் ஒரு செடி வந்தால் கதை முடிந்தது. தேயிலை இலை எவ்வளவு பெரிது என்று இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். முன்னால் உள்ள இலையையும் பின்னால் உள்ள இலையையும் ஒப்பிட்டுத் தூரத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கவ்வாத்து வெட்டிய மலை இதற்கு உதவாது. மறைக்க இலை இருக்காது, குச்சி குச்சியாக நிற்கும்.

இருவரும் ஒரே கூர்மையில் தெரிய வேண்டும். 2 மீற்றருக்கும் 3 மீற்றருக்கும் நடுவே 2.4 மீற்றரில் குவியத்தை (ஃபோகஸை) பூட்டுங்கள். முழுச்சட்டக் கமராவில் 35 மி.மீ. லென்ஸ் என்றால் லென்ஸ் துளை எஃப் 8இல் இருவரும் தெளிவாக விழுவார்கள். போனில் பிரதான லென்ஸே போதும், அதன் சின்ன உணரி இரு தூரத்தையும் பிடித்துவிடும். பின்புலத்தை மங்கலாக்கும் மோடை அணைத்துவிடுங்கள், அது சின்னவனைத்தான் முதலில் மங்கலாக்கும். வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டாமல் எடுத்தால், பெரியவன் கை அசைக்கும்போதெல்லாம் போன் குவியத்தைத் தேடி அலையும். அகலக் கோண லென்ஸ் வேண்டாம், ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபடும்.

கமரா நகரக் கூடாது. பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளினாலும் இருவரும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து குட்டு வெளிப்படும். லென்ஸ் இருந்த இடத்திலேயே திரும்பினால் பரவாயில்லை. அதற்குப் போனை முக்காலியின் நடு அச்சுக்கு நேர் மேலே லென்ஸ் வரும்படி பொருத்துங்கள். முக்காலி நின்ற மூன்று இடத்திலும் முளை அடித்து வையுங்கள், இடைவேளையில் யாராவது கட்டாயம் தட்டிவிடுவார்கள்.

கண் எங்கே பார்க்கிறது

இருவரும் உண்மையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் திரையில் தவறும். பெரியவன் பின்பக்கமாகத் திரும்புவான், சின்னவன் கமரா பக்கம் பார்ப்பான். ஆகவே இருவருக்கும் பொய் இலக்கு வைக்க வேண்டும்.

இரண்டு மூங்கில் கம்பு, கொஞ்சம் சிவப்பு நாடா. பெரியவனுக்கு அவன் நிற்கும் அதே 2 மீற்றர் கோட்டில், சின்னவன் தெரியும் பக்கத்தில், சட்டகத்துக்கு வெளியே ஒரு கம்பு. அதில் தரையிலிருந்து 102 செ.மீ. உயரத்தில் நாடா. சின்னவனுக்கு அவனுடைய 3 மீற்றர் கோட்டில் மறுபக்கம் ஒரு கம்பு. அதில் அவன் பாதத்திலிருந்து 245 செ.மீ. உயரத்தில் நாடா. 245 அதிகம் என்று தோன்றும், குறைக்காதீர்கள். அந்தத் தூரத்தில் பெரியவனின் கண் அங்கேதான் இருக்கிறது. மற்ற உயரங்களுக்கு, பெரியவனின் கண் உயரத்தை ஒன்றரையால் பெருக்கினால் சின்னவனின் இலக்கு கிடைக்கும். சின்னவனின் கண் உயரத்தை ஒன்றரையால் வகுத்தால் பெரியவனின் இலக்கு.

நாடாவைப் பார்த்து நடிக்கும்போது முகம் கல்லாகிவிடும். ஒத்திகையில் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தி வசனத்தைப் பல தடவை பேசவிட்டு, அதன் பிறகுதான் கம்புக்கு மாறுங்கள்.

சேர்ந்து நடப்பது

படத்தின் உயிர் இந்த நடைதான், இதற்கு ஒரு முழுக் காலை ஒதுக்கலாம். கமராவுக்குக் குறுக்காக இருவரும் நடக்கிறார்கள். திரையில் சேர்ந்து நகர வேண்டுமென்றால், தூரத்தில் இருப்பவன் நிஜத்தில் ஒன்றரை மடங்கு வேகமாகப் போக வேண்டும். குட்டைக் காலுக்கும் கணக்கு அதேதான், பெரியவன் இரண்டு எட்டு வைக்கும் நேரத்தில் சின்னவன் மூன்று எட்டு. எனவே இருவரும் ஒரே நீள எட்டு வைத்தால் போதும், ஒருவன் இரண்டு, மற்றவன் மூன்று.

சொல்வது சுலபம். நடந்தால் நாலாவது எட்டில் இருவரும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுவார்கள். தப்பு மேளம் அடிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். இரண்டுக்கு மூன்று அவருக்குக் கைவந்த கணக்கு. அவர் அடிக்க, பெரியவன் ஒரு கையின் அடிக்கும் சின்னவன் மற்றக் கையின் அடிக்கும் நடக்கட்டும். சத்தத்தைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம். தரையிலும் கூழாங்கல் வைத்து எட்டுகளைக் குறியுங்கள், பெரியவன் கோட்டில் 60 செ.மீ.க்கு ஒன்று, சின்னவன் கோட்டிலும் 60 செ.மீ.க்கு ஒன்று.

முதல் நடைக் காட்சியில் பெரியவன் தன் இயல்பு வேகத்தில் போகட்டும், சின்னவன் ஓட்டமும் நடையுமாகத் திணறட்டும். இரண்டாவது நடைக் காட்சியில் பெரியவன் எட்டைக் குறைத்துவிட்டான். யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். பார்ப்பவருக்குத் தெரியும்.

காமன் கூத்திலோ அருச்சுனன் தபசிலோ ஆடிப் பழகியவர் வீரனாக நடித்தால் நிற்கும் நிலையும் கழுத்தும் அருமையாக இருக்கும். ஆனால் அந்த அசைவு மைதானத்தின் கடைசி வரிசைக்காக உள்ளது. கமராவுக்குப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். வேடத்தையும் தலைக்கவசத்தையும் கட்டுவதில் அவர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது.

தொடும் காட்சிகள், பொருள்கள்

மேற்சொன்ன தூரக் கணக்கில் இருவரும் தொட முடியாது. தோளில் கை வைப்பது, தூக்குவது, காயம் கட்டுவது எல்லாவற்றுக்கும் வேறு முறை. சின்னவனை முழங்காலில் நிறுத்தினால் 45 செ.மீ. அளவு குறையும், கானில் இறக்கினாலும் ஏறத்தாழ அவ்வளவுதான். இடுப்புக்கு மேலே மட்டும் எடுங்கள். தலை மட்டும் பெரிதாகவே இருக்கும், அதுதான் இந்த முறையின் குறை. சின்னவனை 40 செ.மீ. பின்னே தள்ளி நிறுத்தினால் தலை ஓரளவு சுருங்கும், கை அப்போதும் எட்டும். பெரியவனுக்குத் தோளில் பக்கத்துக்கு 5 செ.மீ. பஞ்சு வைத்துத் தையுங்கள், மேலே கம்பளியைப் போர்த்தினால் ஆள் இரட்டிப்பாவான். இப்படி எடுத்த துண்டுகளை மூன்று விநாடிக்கு மேல் ஓடவிடாதீர்கள்.

முதுகுப் பக்கக் காட்சிகளுக்கு ஒத்த உடையில் ஒரு சிறுவனை நிறுத்தலாம். தலையை முக்காட்டால் மூடுங்கள், ஏனென்றால் பிள்ளைகளின் தலை உடம்போடு பார்க்கையில் பெரிது. பெற்றோர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். சண்டைக் காட்சிக்குள் பிள்ளையை நிறுத்தவே கூடாது.

இருவர் கையிலும் வரும் எந்தப் பொருளுக்கும் இரண்டு அளவு செய்யுங்கள். பெரியவன் கையில் 90 செ.மீ. வாள் என்றால், அதே வாளைச் சின்னவன் தூரக் காட்சியில் தூக்கும்போது 135 செ.மீ. வாள் வேண்டும். கோப்பை, தோல்பை, கயிற்றின் தடிமன் எல்லாம் அப்படியே. துணியையும் மறக்காதீர்கள். இருவருக்கும் ஒரே துணியில் தைத்தால், தூரத்தில் நிற்பவனின் நெசவு நுணுக்கமாகத் தெரிந்து சந்தேகம் வரும். சின்னவனுக்கு முரட்டு நெசவு, 18 மி.மீ. பொத்தான். பெரியவனுக்கு 12 மி.மீ. போதும். கட்டம் போட்ட துணி இருவருக்குமே வேண்டாம்.

கவசத்துக்கு ரெஜிபோம் (பொட்டலத்தில் வரும் வெள்ளை நுரை) வேண்டாம், 6 மி.மீ. தடிப்புள்ள மெத்தைப் பாய் எடுங்கள், பிள்ளைகள் விளையாடப் போடும் வளையக்கூடிய பாய். சூட்டில் வளைத்து, இரு பக்கமும் பசை பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் அது சீக்கிரம் காயாது. அவசரப்பட்டு ஒட்டினால் படப்பிடிப்பின் நடுவில் தோள்பட்டை கழன்று விழும். வெள்ளைப் பசையை மூன்று பூச்சுப் பூசி, அதன்மேல் கறுப்பு, அதன்மேல் வெள்ளி நிறத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

சண்டை

வலக்கையில் வாள் என்றால் சின்னவனின் இடம் பெரியவனின் இடது இடுப்புக்குப் பின்னே. நேர் பின்னால் நின்றால் கமராவுக்கு மறைவான், வாள் பின்னே ஓங்கும்போது அடியும் படும். ஓங்கும் வட்டத்துக்கு வெளியே குறைந்தது ஒன்றரை மீற்றர். பெரியவன் திரும்பிப் பார்க்காமலே இடக்கையைப் பின்னே நீட்டிச் சின்னவன் இருக்கிறானா என்று தேடுவது ஒரு தடவை போதும், இரண்டாவது தடவை சிரிப்பு வரும்.

சரிவில் எதிரி மேலிருந்து வந்தால் பெரியவன் மேல்பக்கம், கீழிருந்து வந்தால் கீழ்ப்பக்கம். எதிரிகள் இரண்டு பக்கத்திலும் வரும்போதுதான் அவன் தேர்வு செய்ய வேண்டியிருக்கும், சின்னவனின் திறமை இரண்டாவது தடவை பயன்பட அதுவே சமயம்.

வாள்கள் மரம், அல்லது 20 மி.மீ. பீ.வீ.சீ. குழாய்மேல் மெத்தைப் பாய். நுனி விரல் அகலத்துக்குக் குறையாமல் மழுக்கப்பட்டிருக்க வேண்டும். வீச்சு எதிராளியின் உடலிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் போக வேண்டும், கமரா கோணம் அந்த இடைவெளியை மறைக்கும். ஈரப்புல்லில் முழு வேகத்தில் ஆடாதீர்கள். பாதி வேகத்தில் ஆடி, வெட்டி ஒட்டும்போது கொஞ்சம் வேகப்படுத்துவது மேல்.

வீரன் சாகிறான் என்றால், சின்னவனை வெறுமனே அழவிடாதீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள், தலைக்கவச வாரைத் தளர்த்துவது, நனைந்த கம்பளியை இழுத்து மூடுவது. இந்தக் காட்சியில் மட்டும் சின்னவன் சரிவின் மேல்பக்கம் இருக்கட்டும். முதல் தடவையாக இருவர் முகமும் ஒரே மட்டத்தில் வரும். அதற்காக, படத்தில் வேறெங்கும் அந்த மட்டத்தைக் காட்டாமல் சேமித்து வைத்திருக்க வேண்டும்.

பேச்சு

மேடைத் தமிழ் ஒருவனுக்கும் தோட்டத்துத் தமிழ் மற்றவனுக்கும் என்று பிரித்தால் உறவு ஒட்டாது. இருவருக்கும் ஒரே பேச்சு. 'அண்ணே, பின்னுக்கு யாரோ வாறாங்க', 'நீ முன்னுக்கு நட தம்பி' என்பது போதும். விளிப்பை ஒரு அளவுகோலாகப் பயன்படுத்தலாம். தொடக்கத்தில் 'டேய்', நடுவில் விளிப்பே இல்லை, கடைசியில் 'தம்பி'.

இடமும் காலமும் ஆபத்தும்

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மே தொடங்கித் தென்மேல் பருவமழை. பண்டாரவளை, ஹப்புத்தளையில் அந்த ஜூன், ஜூலை மாதங்கள் உலர்வாக இருக்கும், ஆனால் காற்று ஒலிப்பதிவைக் கெடுக்கும். மூடுபனி அழகுதான். அடர்ந்துவிட்டால் தூரத்தில் நிற்பவன் வெளிறித் தெரிவான். அந்த நேரத்தில் கான், முழங்கால் காட்சிகளை எடுங்கள், தூரக் கணக்குக் காட்சிகளை மந்தாரமான காலையில் முடியுங்கள். பக்க வெயிலும் ஆகாது, இரு நிழல்களின் இடைவெளி உண்மையைச் சொல்லிவிடும்.

தோட்டத் துரையிடம் (முகாமையாளரிடம்) எழுத்தில் அனுமதி வாங்குங்கள், எந்த மலை, எந்த நாள் என்று குறிப்பிட்டு. கொழுந்து எடுக்கும் மலையில் வேலை நாளில் நிற்காதீர்கள். அண்மையில் மருந்து அடித்த மலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சின்னவன் செடிக்குள் ஒளியப் போகிறான். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்கள அனுமதியில்லாமல் அங்கே படப்பிடிப்பு நடத்த நினைக்க வேண்டாம். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம் குளவி. அந்த மலையில் வேலை செய்பவர்களிடம் கூடு எங்கே என்று முதலில் கேளுங்கள். புகையும் பந்தமும் கூட்டைக் கலைக்கும், கூட்டுக்குப் பக்கத்தில் தப்பும் ட்ரோனும் வேண்டாம். கலைந்துவிட்டால் காட்சியை விட்டுவிட்டு ஓடுங்கள், கவசத்தோடு ஓட முடியாதவரை இருவர் பிடித்து இழுங்கள். அட்டைக்குக் காலுறையில் ஈரச் சவர்க்காரம் தேய்த்தால் பெரும்பாலும் போதும், கானில் நிற்பவருக்கு மறக்காமல் தேயுங்கள்.

வெட்டி ஒட்டும்போது

ஒரே உத்தியை அடுத்தடுத்து இரண்டு துண்டில் பயன்படுத்தாதீர்கள். தூரக் கணக்கு, அடுத்து முதுகுக் காட்சி, அடுத்து கான், அடுத்து சின்னவனின் முகம் மட்டும் என்று மாற்றிப் போடுங்கள். எப்படி எடுத்தார்கள் என்று கண் தேடத் தொடங்கும்போது முறை மாறியிருக்கும். காலடிச் சத்தத்தைத் தனியாகப் பதியுங்கள், பெரியவனுக்கு மண்மூட்டையைத் தரையில் போட்ட சத்தம் கலந்து, சின்னவனுக்குச் சரளைக் கல்லில் வெறுங்கால்.

முடிந்த படத்தை, படப்பிடிப்பில் இல்லாத ஒருவருக்குச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டுங்கள். 'இந்தப் பொடியன் யார்?' என்று கேட்டால் உயரக் கணக்கு பலித்துவிட்டது. 'இவர் ஏன் தூரத்தில் நிற்கிறார்?' என்று கேட்டால் அந்தத் துண்டில் பாதமோ நிழலோ தெரிகிறது. சட்டகத்தின் அடிப்பகுதியை வெட்டிப் பாருங்கள், அதிலும் சரிவராவிட்டால் கானில் இறங்கி மறுபடி எடுக்க வேண்டியதுதான்.